சொன்னபடி கேட்கும் வீடு

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார்' என்பது நம் பழமொழி. இந்நாளில் நகரத்தார் பெரும்பாலோர் வீட்டைத் தாமே கட்டுவதில்லை; அடுக்ககத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்குகின்றனர். ஆயினும் பழமொழி உணர்த்தும் கவலை குறைந்தபாடில்லை. சொன்னவுடன் விளக்கு எரியவேண்டும், நேரமறிந்து மின்விசிறி நிற்கவேண்டும், வாயிலில் வந்து நிற்பவர் யாரெனக் கைப்பேசி காட்டவேண்டும் என்னும் விருப்பங்களும் இப்போது சேர்ந்துகொண்டன. இவ்வசதிகள் அமைந்த இல்லத்தையே 'ஸ்மார்ட் வீடு' என்று வழங்குகின்றனர். அதனை நம்பத்தக்கதாய் அமைப்பது எங்ஙனம் என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

மாணவர்களிடம் இதனை ஏன் கூறவேண்டும் என்று சிலர் வினவலாம். பல இல்லங்களில் இக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் நீங்களே. ஆனால் பகல் முழுவதும் அவற்றோடு வாழ்பவர்கள் வீட்டிலிருக்கும் பாட்டியும் தாத்தாவும் ஆவர். நள்ளிரவில் எழுந்து நடக்கும் முதியவருக்கு விளக்கு எரியாமற் போனால் அது சிறு குறையன்று. கீழே விழுந்து எலும்பு முறிய அதுவே போதும். ஆதலால் வசதியைப் பற்றி எண்ணுமுன் நம்பகத்தைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

முதலில் நம் ஆணை எவ்வழியே செல்கின்றது என்பதை அறிவோம். கூடத்தில் நின்று 'விளக்கைப் போடு' என்று கூறுகிறோம். பல அமைப்புகளில் அக்குரல் ரௌட்டர் வழியாக எங்கோ தொலைவிலுள்ள கணினி நிலையத்தை அடைகின்றது. அங்கே பொருள் உணரப்பட்டு, ஆணை மீண்டும் இணையத்தின் வழியே நம் வீட்டிற்குத் திரும்புகின்றது. பத்தடி தூரத்திலுள்ள விளக்கை ஏற்றக் கடல்கடந்த பயணம்! இச்சங்கிலியின் கண்ணி எங்கே அறுந்தாலும் விளக்கு எரியாது. 2021 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவில் அமேசான் நிறுவனத்தின் கணினிச் சேவை தடைப்பட்டபோது, பல வீடுகளில் வாயில் காமிராக்களும் தரை துடைக்கும் இயந்திரங்களும் செயலிழந்தன.

மற்றோர் இடரும் உண்டு. 'ரெவால்வ்' என்ற பெயரில் வீட்டுக் கருவிகளை இணைக்கும் மையக் கருவி ஒன்று விற்கப்பட்டது. அந்நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அச்சேவையை நிறுத்தியது. கருவியில் பழுது ஒன்றுமில்லை. எனினும் அது வெறும் பெட்டியாயிற்று. விலை கொடுத்து வாங்கிய பொருளின் உயிர் பிறர் கையில் இருந்தமையே காரணம். ஆகவே, முடிவெடுக்கும் மையக் கருவி நம் வீட்டிற்குள்ளேயே இயங்குவதாய் இருத்தல் நன்று. 2022 அக்டோபரில் வெளிவந்த 'மேட்டர்' என்னும் பொதுநெறி, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் வீட்டிற்குள்ளேயே தம்முள் பேசிக்கொள்ள வகை செய்கின்றது.

இனி, சுவருக்குள் செய்யவேண்டிய வேலைக்கு வருவோம். இதுவே தலையாயது; பூச்சு முடிந்தபின் திருத்துவது கடினம். என் மகள் சென்னையில் அடுக்ககம் ஒன்றில் வீடு வாங்கியபோது, மின்கம்பி இடும் பணி தொடங்குமுன்னரே வரைபடத்தை விரித்து ஒவ்வொரு சுவிட்ச் பெட்டியையும் குறித்தோம். ஒவ்வொரு பெட்டிக்கும் நியூட்ரல் கம்பி வேண்டுமென எழுத்து மூலம் கேட்டுப் பெற்றோம். இதன் காரணத்தை இயற்பியல் பயிலும் மாணவர் எளிதில் உணர்வர். சாதாரணச் சுவிட்ச் ஃபேஸ் கம்பியைச் சேர்க்கும், பிரிக்கும். வேறு வேலை அதற்கில்லை. ஸ்மார்ட் சுவிட்ச்சோ, விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து ஆணையை எதிர்நோக்கவேண்டும். விழித்திருக்கச் சிறிது மின்சாரம் தேவை. மின்சுற்று முழுமை பெற நியூட்ரலும் தேவை. அஃது இல்லையெனில் அச்சிறு மின்னோட்டம் விளக்கின் வழியாகவே செல்ல நேரும். அதனாலேயே சில வீடுகளில் எல்.இ.டி. விளக்குகள் அணைத்த பின்னும் மங்கலாக ஒளிர்கின்றன.

விளக்கினுள் அறிவை வைப்பதினும் சுவிட்ச்சினுள் வைப்பதே மேல் என்பது என் துணிபு. ஸ்மார்ட் விளக்கை மாட்டிவிட்டுப் பழைய சுவிட்ச்சை அப்படியே விட்டால், பாட்டி வழக்கம்போல் சுவிட்ச்சை அணைத்துவிடுவார். மின்சாரம் அற்ற விளக்கு யார் சொல்லையும் கேளாது. அறிவு சுவிட்ச்சில் இருப்பின், பாட்டி விரலால் போடலாம். பேரன் குரலால் போடலாம்.

மின்சுமையையும் கணக்கிடவேண்டும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிட்டும். 230 வோல்ட்டில் 2000 வாட் வெந்நீர்க் கருவி ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் கருவி 13 ஆம்பியர் இழுக்கும். பின்னதை 10 ஆம்பியர் தாங்கும் ரிலேயில் இணைத்தால் அது சூடேறிக் கருகும். அத்தகைய கருவிக்கு 16 ஆம்பியர் தாங்கும் தனி அமைப்பே ஏற்றது.

கம்பியில்லா அலைகளுக்கும் தடைகள் உள. வைஃபையும் ஜிக்பீயும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவன. இரும்புக் கம்பி பாய்ந்த கான்கிரீட் சுவர் அவ்வலைகளை வெகுவாகக் குறைத்துவிடும். ஆகவே மையக் கருவியை இரும்புப் பெட்டிக்குள் பூட்டாது, வீட்டின் நடுவில் திறந்த இடத்தில் வைத்தல் வேண்டும். இடம்பெயராத காமிரா, தொலைக்காட்சி போன்றவற்றிற்கு வலைக் கம்பியே உறுதியானது. மின்கம்பியினின்றும் விலக்கி, அதற்கெனத் தனிக் குழாய் பதிப்பது முறை. எதிர்காலத் தேவைக்கு வெறுங்குழாய் ஒன்றும் பதித்து வைத்தால் பின்னர் சுவரை உடைக்க வேண்டியிராது.

மின்தடைக்கும் ஆயத்தம் வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபின் சென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் இருந்தன. ரௌட்டரும் மையக் கருவியும் சேர்ந்து 20 வாட் கொள்வதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஏட்டளவில் 1800 வாட்-மணி ஆற்றல் உடையது. அதிற் பாதியே பயன்பட்டாலும், இவ்விரண்டை மட்டும் 45 மணி நேரம் இயக்கலாம். ஆதலால் இவற்றை இன்வெர்ட்டர் வழியில் இணைத்தல் இன்றியமையாதது. மின்சாரம் திரும்பும்போது விளக்குகள் யாவும் ஒருங்கே எரிந்து உறக்கத்தைக் கெடுக்காதவாறு, அணைந்த நிலையிலேயே இருக்கும்படி முன்னரே அமைத்துவிடலாம்.

வாயிற்கதவின் பூட்டு மின்பூட்டாயினும், சாவித் துளையும் வேண்டும். தீ நேர்ந்தால் உள்ளிருப்போர் மின்சாரமின்றிக் கையால் திறந்து வெளியேறவும் இயலவேண்டும். கடவுச்சொல்லும் ஒரு பூட்டே. 2016இல் 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விடப்பட்ட காமிராக்களை ஏராளமாகக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் இணையத்தையே நிலைகுலையச் செய்தது. கருவியை வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுவது வீட்டார் கடமை.

வினாத்தாள் தயாரித்தே பழகிய கை ஆதலின், ஒரு சிறு தேர்வு வைக்கிறேன். எந்தக் கருவியையும் வாங்குமுன் நான்கு வினாக்களுக்கு விடை காணுங்கள். இணையம் இல்லையேல் இது இயங்குமா? மின்சாரம் போய்த் திரும்பினால் என் செய்யும்? செய்தவர் கடையை மூடினால் இதன் கதி யாது? ஒன்றும் அறியாத விருந்தினர் இதனைக் கையாள இயலுமா? நான்கிலும் தேறாத கருவி விளையாட்டுப் பொருளாய் இருக்கலாம். கதவையும் படிக்கட்டு விளக்கையும் அதனிடம் ஒப்படைக்கலாகாது. இன்று மாலை உங்கள் வீட்டிலுள்ள ஒரு கருவியையேனும் எடுத்து, ரௌட்டரைச் சிறிது நேரம் அணைத்துவைத்து இத்தேர்வை நடத்திப் பாருங்கள்.