காப்பித் தோட்டமும் மே தினமும்

காலையில் டபராவும் டம்ளரும் கைக்கு வராவிட்டால் நம்மில் பலருக்குப் பொழுதே விடிவதில்லை. அந்தக் காப்பி எங்கிருந்து வருகிறது? சேலத்திலிருந்து ஏற்காடு ஏறிச் செம்மநத்தம் பக்கம் போய்ப் பாருங்கள். சில்வர் ஓக் மர நிழலில், சரிவெல்லாம் காப்பிச் செடிகள். கார்த்திகை, மார்கழிக் குளிரில், காயை விட்டுப் பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறிப்பவர்களில் பெண்களே அதிகம். மே மாத வெயிலுக்குப் பயந்து நாம் மலை ஏறும்போது அந்த வேலை முடிந்திருக்கும். ஆனால் மே முதல் தேதிக்கும் அந்தப் பெண்களுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

1886-ல் அமெரிக்காவில், சிக்காகோ முதலிய நகரங்களில், ‘நாளுக்கு எட்டு மணி நேரந்தான் வேலை’ என்று கேட்டுத் தொழிலாளர்கள் மே 1 அன்று வேலையை நிறுத்தினார்கள். அதுதான் மே தினத்தின் பூர்வோத்தரம். (வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா தன் தொழிலாளர் தினத்தைச் செப்டம்பரில் கொண்டாடுகிறது!)

நம் தேசத்தில் முதன்முதலாக மே தினம் கொண்டாடிய பெருமை சென்னைக்கு. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இரண்டு கூட்டங்கள் நடத்தினார். ஒன்று ஹைகோர்ட்டுக்கு எதிரே கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். செங்கொடிக்குத் துணி கிடைக்காமல் தம் மகளின் சிவப்புப் புடவையையே கிழித்துக் கொடியாக்கினார் என்று சொல்வார்கள். புடவைக்காரி என்ன சொன்னாள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை!

மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-ல் திறக்கப்பட்டது. பாறையைப் புரட்டும் நால்வரும் ஆண்கள். பாறை புரட்டுவது மட்டுந்தான் உழைப்பா? வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளுக்கு மே தினத்தன்று லீவு உண்டா என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் ‘உண்டு’ என்போம்?

மலைக்கு வருவோம். 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. ஐம்பது பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் அவர்கள் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. நல்ல காரியம். ஆனால் வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றும் அதே சட்டம் சொல்லிற்று. ஆறு நாளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள்; நாளுக்கு ஒன்பது மணி! 1981-ல் வந்த திருத்தந்தான் அதை 48 ஆகக் குறைத்தது. சிக்காகோவில் கேட்ட எட்டு மணி நேரம் சேர்வராயன் மலை ஏறி வர 95 வருஷம் பிடித்தது.

வந்தது நிலைத்து நிற்குமா? 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் கடற்கரையில் கூட்டம் போட்டு அன்றைக்குச் சரியாக நூறு வருஷம்.