நேர்குடற் புற்றுநோயும் படங்கள் காட்டும் வழியும்

மலத்தோடு குருதி காணின் நம்மவர் அதனை மூலம் என்றே கொள்வர். வெளியே சொல்லவும் நாணுவர். பல வேளைகளில் அது மூலமே. எனினும் நேர்குடற் புற்றுநோயும் அவ்வாறே தலைகாட்டும். ஆதலின் தாராபுரத்தில் வாழ்வோராயினும் தலைமன்னாரில் வாழ்வோராயினும் தாமதியாது வைத்தியரைக் காண்டல் வேண்டும்.

நோயை உறுதிசெய்வது படமன்று. குடலிலிருந்து எடுத்த சிறு இழையத் துண்டின் பரிசோதனையே. அது எவ்வளவு பரவிற்று என்பதை அறியவே படங்கள் வேண்டப்படுகின்றன. சீ.ரி. படம், ஈரலிலும் நுரையீரலிலும் நோய் குடியேறியதா எனக் காட்டும். எம்.ஆர்.ஐ. படமோ, எக்ஸ்கதிரின்றிக் காந்தப் புலத்தின் துணையால், கட்டி குடற்சுவரை எவ்வளவு ஊடுருவிற்று என்பதையும் அயலிலுள்ள நிணநீர்க்கணுக்களின் நிலையையும் காட்டும்.

நேர்குடலைச் சூழக் கொழுப்பும், அதன்மேல் மெல்லிய உறையும் உள்ளன. சத்திரசிகிச்சையில் இவ்வுறையோடு குடலை அகற்றுவர். கட்டிக்கும் உறைக்குமிடையே 1 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இல்லையாயின், வெட்டிய விளிம்பில் நோய் எஞ்சக்கூடும். அந்நிலையில் பெரும்பாலும் கதிர்ச்சிகிச்சையும் மருந்தும் முதலில் அளித்துக் கட்டியைச் சுருக்குவர். கத்தி பின்னரே வரும். எது முந்தியது, எது பிந்தியது என வகுக்கத் துணைசெய்வதே படத்தின் பெரும்பயன் என்போம்.

வடபகுதியார் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகமைக்கு நெடுவழி செல்லும் துன்பத்தைக் குறைக்க, 2011 இல் பலர் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து நிதி திரட்டினர். அந்நிதியால் 2013 இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. வாயில் திறந்திருக்கிறது, காலத்தே செல்வோர்க்கே அது பெரிதும் பயன்தரும். இதனை நம் பழைய மாணவர் தத்தம் ஊர்களில் எடுத்துரைப்பாராக.