பண்ருட்டி பக்கம் போறீங்களா? 2 நாளில் என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்?

சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற பலருக்கும் பண்ருட்டி என்றால் சாலையோர பலாப்பழக் குவியல்தான். காரை நிறுத்தி, பழம் வாங்கி, கிளம்பிவிடுவார்கள். ஆனால் 2 நாள் ஒதுக்கினால் பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், வடலூர் என ஒரு சுற்று வரலாம். பலா சீசன் ஏப்ரல் முதல் ஜூலை வரை.

முதல் நாள்: திருவதிகை, கடலூர்

பண்ருட்டியை ஒட்டியே திருவதிகை வீரட்டானேஸ்வரர் கோயில் இருக்கிறது. அட்ட வீரட்டானத் தலங்களில் ஒன்று. சமணத்தில் இருந்த அப்பர், சூலை நோய் நீங்கி சைவத்துக்குத் திரும்பியது இங்கேதான் என்கிறது பெரியபுராணம்.

அங்கிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் கடலூர். துறைமுக ஊர் என்பதால் மதியம் மீன் சாப்பாடு. சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். பக்கத்திலேயே புனித டேவிட் கோட்டையின் மிச்சங்கள். 1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது ஆங்கிலேயரின் தலைமையிடமாக மாறியது இந்தக் கோட்டைதான்.

இரண்டாம் நாள்: பிச்சாவரம், சிதம்பரம், வடலூர்

வெயில் ஏறும் முன் பிச்சாவரம் போய்விடுங்கள். சுரபுன்னைக் காடுகளுக்குள் படகு சவாரி. இது 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம். நடராஜர் கோயில் நடை மதியம் சாத்தப்படும் என்பதால் நேரம் பார்த்து சிதம்பரம் வந்துவிடுங்கள். அங்கே தவறவிடக் கூடாதது கத்தரிக்காய் கொத்சு. இட்லிக்கும் சரி, மிளகு சீரகம் போட்ட சம்பா சாதத்துக்கும் சரி, அதுதான் ஜோடி.

திரும்பும் வழியில் வடலூர். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. யார் வந்தாலும் சாப்பாடு உண்டு.

பலா, முந்திரி: எப்படிப் பார்த்து வாங்குவது?

கடைசியாக பண்ருட்டியில் நிறுத்துங்கள். முதல் நாளே பழம் வாங்கினால் 2 நாளும் கார் முழுக்க வாசனைதான்!

* பலா: முள் நெருக்கமாக, கூராக இருந்தால் காய். முள் விரிந்து, வாசனை வந்தால் பழம்.
* கொட்டையை வீசாதீங்க. கருவாட்டுக் குழம்பில் போட்டால் தனி ருசி.
* முந்திரி: டபிள்யூ 240, டபிள்யூ 320 என்பது ஒரு பவுண்டுக்கு (சுமார் 454 கிராம்) எத்தனை பருப்பு என்ற கணக்கு. எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் கூடுதல்.

பேரம் பேசும் முன்…

2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த 'தானே' புயல், இந்தப் பகுதியின் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. தாத்தா நட்ட மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் மறுபடி கன்றிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பலாக்கன்று காய்ப்புக்கு வரவே பல வருஷம் ஆகும். சாலையோரத்தில் பழத்தோடு உட்கார்ந்திருப்பவர் சொல்லும் விலையில் அந்தக் காத்திருப்பும் சேர்ந்தே இருக்கிறது.