டில்லி ஹாட்டில் நெசவாளியின் கடை நிலைக்குமா?

நமது சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அண்மைக் காலமாக அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. சுற்றுலாப் பயணிகள் கூடும் பெரிய அங்காடிகளில் நமக்கும் கடை தருகிறார்களாமே, எடுக்கலாமா என்பதே அது. மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், கைவினைப் பொருள்களையும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களையும் விற்க மாநிலந்தோறும் ஒரு ‘யூனிட்டி மால்’ அமைக்க ஊக்கம் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து இவ்வினா வலுப்பெற்றிருக்கிறது. கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும் ஒரே மதிலுக்குள் அமைந்த இத்தகைய இடத்தில் தறிக்காரன் சரக்கு விலை போகுமா என்பதை ஊகத்தால் முடிவு செய்ய வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளைக் கடந்து நடைபெறும் முன்மாதிரி ஒன்று இருக்கிறது. அது புது டில்லியிலுள்ள ‘டில்லி ஹாட்’.

‘ஹாட்’ என்றால் வடநாட்டில் கிராமச் சந்தை. திருமதி ஜயா ஜேட்லி தந்த யோசனையின் பேரில், கட்டடக் கலைஞர் பிரதீப் சச்தேவா வகுத்த அமைப்பில், 1994ஆம் ஆண்டு இது திறக்கப்பட்டது. தென் டில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எதிரே, பெரும் வடிகால் ஒன்றை மூடிப் பெற்ற ஏறத்தாழ ஆறு ஏக்கர் நிலத்தில் செங்கல் மேடைகளும் சிறு குடில்களுமாக அமைந்திருக்கிறது. வாயிலில் நுழைவுக் கட்டணம் உண்டு. உள்ளே பல மாநிலங்களின் உணவுக் கடைகள் இருக்கின்றன. பீகார் லிட்டியும் வடகிழக்கு மாநிலங்களின் மோமோவும் உண்ணவே மக்கள் வருகிறார்கள். உண்ட பின் கடைகளைச் சுற்றுகிறார்கள். துணிக்காகவே வருகிறவர் குறைவு என்பதை நாம் மனத்தாங்கலின்றி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இச்சந்தையின் உயிர்நிலை வேறோர் ஏற்பாட்டில் இருக்கிறது. பெரும்பான்மையான கைவினைக் கடைகள் நிரந்தரமாக யாருக்கும் தரப்படுவதில்லை. பதிவு பெற்ற கைவினைஞருக்கும் நெசவாளருக்கும் பொதுவாகப் பதினைந்து நாள் தவணைக்கு, குறைந்த வாடகையில் ஒதுக்கப்படுகின்றன. இந்த வாரம் ஒரிஸா இக்கத் தொங்கிய இடத்தில் அடுத்த தவணையில் கட்ச் பூவேலையைக் காணலாம். ஆகவே டில்லிவாசி மாதம் ஒரு முறை வந்தாலும் புதுச் சரக்கைக் காண்கிறான். கடைக்காரனுக்கோ மழைக்கால மந்தத்தையும் மே மாத வெயிலையும் அங்கேயே உட்கார்ந்து தாங்க வேண்டிய கடமையில்லை. பன்னிரண்டு மாத வாடகை அவன் தலையில் விழுவதில்லை.

இந்த வெற்றியைக் கண்டு டில்லியிலேயே 2008இல் பீதம்புராவிலும், 2014இல் ஜனக்புரியிலும் ஹாட்டுகள் திறக்கப்பட்டன. இரண்டும் பழையதைவிடப் பரப்பில் பெரியவை. எனினும் பீதம்புராவில் பூட்டிய கடைகளையும் ஆளில்லா முற்றத்தையும் பற்றி டில்லிப் பத்திரிகைகள் பல முறை எழுதியுள்ளன. இரயில் வசதி இல்லையோ எனில், மெட்ரோ நிலையம் அங்கும் அருகிலேயே இருக்கிறது. காரணம் வேறு. ஐ.என்.ஏ. மார்க்கெட் தென் டில்லிக் குடும்பங்கள் மீனும் காய்கறியும் மளிகையும் வாங்க நாள்தோறும் வரும் இடம். குதுப்மினார், சப்தர்ஜங் கல்லறை, ஹுமாயூன் கல்லறை ஆகியவற்றைப் பார்க்கச் செல்லும் பயணிகளுக்கும் அது வழியிலேயே இருக்கிறது. பீதம்புராவோ வடமேற்கு மூலையில், அந்த வழிகளுக்கு வெகு தொலைவில் ஒதுங்கிக் கிடக்கிறது. பெயரையும் செங்கலையும் பெயர்த்துச் சென்றார்கள். எதிரிலிருந்த மீன் கடையைப் பெயர்க்க முடியவில்லை!

சுற்றுலா அங்காடி என்ற பெயரால் நாம் மயங்கலாகாது. விமானத்தில் செல்லும் பயணி எடைக்கு அஞ்சுகிறவர். கழுத்துத் துணி, கைக்குட்டை, சிறு பை, மேசைத் துணி, இவ்வளவே அவர் வாங்குவது. பவானி ஜமக்காளத்தை விரித்துக் காட்டினால் வியந்து படம் எடுத்துக்கொண்டு நகர்ந்து விடுவார். சேலையும் படுக்கை விரிப்பும் வாங்குகிறவர் அவ்வூர்க் குடும்பத்தினரே. அவர்களுடைய உடையும் நம்முடையதன்று. அகலக் கரைச் சேலைகளை மட்டும் மூட்டை கட்டிச் சென்ற சங்கங்கள் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்த செய்தியை நாம் கேட்டிருக்கிறோம். இரண்டரை மீட்டர் துப்பட்டாவும், குர்த்தாவுக்கு வெட்டித் தரும் மீட்டர் துணியும் அங்கே வேகமாகப் போகின்றன. சென்னிமலை விரிப்புகளிலும் இரட்டைக் கட்டில் அளவுக்கே கிராக்கி.

பருவத்தையும் எண்ண வேண்டும். வெளிநாட்டுப் பயணி அக்டோபர் முதல் மார்ச் வரை வருகிறார். ஆனால் டிசம்பர், ஜனவரிக் குளிரில் டில்லிக் குடும்பம் தேடுவது கம்பளியை; பருத்தியை அன்று. ஹோலிப் பண்டிகையை ஒட்டியே பருத்திக்கு மனம் திரும்புகிறது. பயணியும் குடும்பமும் ஒருங்கே கிடைப்பது பிப்ரவரிப் பிற்பகுதியிலும் மார்ச்சிலுந்தான். நம் பருத்திச் சங்கம் கேட்க வேண்டிய தவணை அதுவே. பட்டுக்காரர் தீபாவளிக்கு முந்திய தவணைக்கு விண்ணப்பிக்கலாம்.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். இது பேச்சுக்காக நாம் வைத்துக்கொள்ளும் கணக்கே. ஒவ்வொரு சங்கமும் தன் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்க. இரண்டு பேர் இரயிலில் சென்று வரும் செலவு, மூட்டைக் கூலி, பதினைந்து நாள் தங்குமிடம், சாப்பாடு, கடை வாடகை எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய் என்று கொள்வோம். கூலி, நூல், சாயம் போகச் சேலை ஒன்றுக்கு 300 ரூபாய் மிஞ்சினால், செலவை ஈடுகட்டவே 200 சேலைகள் விற்றாக வேண்டும். தவணையில் சனி, ஞாயிறு நான்கு நாள். அந்நாள்களில் முப்பது முப்பதாக 120 போனாலும், எஞ்சிய பதினொரு நாளில் 80 போக வேண்டும்; அதாவது வேலை நாளில் ஏழு அல்லது எட்டு. இது முடியாத காரியமன்று, எளிதுமன்று. ஒரு நாள் மழை பெய்தால் கணக்கு சாய்ந்து விடும். விற்காமல் திரும்பும் சேலை, மடிப்பில் அழுக்கேறி, வெளிறித் தள்ளுபடிக்கே உரியதாகிவிடுகிறது என்பதையும் செலவில் சேர்க்க வேண்டும்.

அப்படியிருக்க, ஏன் போக வேண்டும்? கல்லாவில் விழுவதைக் காட்டிலும் குறிப்பேட்டில் விழுவது பெரிது என்பது நமது கருத்து. ஆயத்த ஆடை தைப்போர், சிறு கடை நடத்துவோர், தூதரகக் குடும்பத்தினர் ஆகியோர் அங்கே நம் சரக்கைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அவர்களுடைய முகவரி, கேட்ட நிறம், கேட்ட அளவு ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு, ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் மாதிரித் துண்டு அனுப்பும் சங்கத்துக்கு அந்த 60,000 ரூபாய் விளம்பரச் செலவாகும். அனுப்பாத சங்கத்துக்கு அது நட்டமே. விற்க அனுப்பப்படுகிறவர் தறியின் நுட்பம் அறிந்தவராக இருப்பதும் அவசியம். உறவினர் என்பதற்காக ஒருவரை டில்லி பார்க்க அனுப்பும் வழக்கத்தை நாம் கண்டிக்கிறோம்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இங்கு இடமுண்டு. ஈரோட்டு மஞ்சளும் மிளகும் சிறு பொட்டலமாக இருந்தால் பயணியின் பையில் அடங்கும். ஆனால் உணவுப் பொருளுக்குரிய உரிமமும் பொட்டலத்தில் தேதியும் இல்லாமல் கொண்டு செல்லலாகாது. உடன்குடிக் கருப்பட்டியை ஈரக் காலத்தில் அனுப்பிவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை.

அச்சம் தருவது வேறொன்று. கைவினைஞர் பெயரில் ஒதுக்கீடு பெற்று வியாபாரிகள் கடை நடத்துவதாகவும், விசைத்தறித் துணியும் ஆலையில் செய்த சாமான்களும் கைவேலை என்ற பெயரில் விற்கப்படுவதாகவும் புகார்கள் நெடுநாளாக உண்டு. பக்கத்துக் கடையில் அதே தோற்றமுள்ள துணி மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தொங்கும்போது, நம் நெசவாளி நாள் முழுவதும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வாங்குவோரும் எல்லாத் தெருவிலும் கிடைப்பதை இங்கு ஏன் நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தொடங்குவர். 2006இல் வந்த கைத்தறி முத்திரையை ஒவ்வொரு உருப்படியிலும் தைத்து, அதைக் காட்டி விற்பதே இப்போதைக்கு நம் கையிலுள்ள காப்பு. ஒதுக்கீட்டில் நேர்மை வேண்டுமென்று வற்புறுத்துவது தனிச் சங்கத்தால் ஆகக்கூடியதன்று. சங்கங்கள் கூடி எழுத வேண்டும்.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி இரவு டில்லி ஹாட்டில் தீப்பிடித்து இருபதுக்கு மேற்பட்ட கடைகள் எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் நெய்தும் பின்னியும் கொண்டுவந்த சரக்கு ஓர் இரவில் சாம்பலாயிற்று. நமது சங்கங்களில் கிடங்குச் சரக்குக்குக் காப்பீடு உண்டு. வெளியூர்க் கடையில் இருக்கும் சரக்குக்கு உண்டா என்று காரியதரிசிகள் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பது நலம்.

யூனிட்டி மாலில் நிரந்தரக் கடை தருவதாக யாரேனும் வந்தால், முதலில் தவணை முறை உண்டா என்றும், வாடகை விற்பனையைப் பொறுத்ததா, மாதத் தொகையா என்றும் கேட்க வேண்டும். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் அவ்விடத்துக்குச் சென்று, எதிரே என்ன இருக்கிறது, யார் நடமாடுகிறார்கள் என்று நேரில் பார்த்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கடை திறப்பவனுக்கு எதையும் சொல்லாது.

வரும் பருவத்தில் டில்லிக்குச் செல்லும் சங்கங்கள் தங்கள் நாள் விற்பனையையும், எவ்வகைச் சரக்கு எவ்வளவு போயிற்று, எவ்வளவு திரும்பிற்று என்பதையும் நமக்கு எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். நட்டக் கணக்கானாலும் மறைக்க வேண்டாம். சங்கத்தின் பெயரை நீக்கி வெளியிடுவோம்.