மொறிஸ் மைனரின் மாற்று இயந்திரம்

பழுதுற்ற இயந்திரத்தைக் கழற்றி, வேறோர் இயந்திரத்தை அதனிடத்தில் அமர்த்துதல் கராச்சுகளில் நாள்தோறும் நிகழும் செயல். ஆனால், வண்டியை ஆக்கிய தொழிற்சாலையே தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு, நேற்றுவரை தனக்குப் போட்டியாயிருந்த தொழிற்சாலையின் இயந்திரத்தை எடுத்துத் தன் வண்டிக்குள் வைத்தல் அத்துணைப் பொதுவானதன்று. மொறிஸ் மைனர் என்னும் சிறு காருக்கு 1952 ஆம் ஆண்டில் அவ்வாறு நேர்ந்தது. இலங்கைத் தெருக்களில் இன்னும் ஓடுகின்ற அந்த வண்டியை அறியாத நேயர் மிகச் சிலரே. அதன் மூடிக்குள் இருப்பது யாருடைய இயந்திரம், அது அங்கு வந்தது எவ்வாறு, வந்ததனால் விளைந்தது நன்மைதானா என்பனவற்றை இங்கே நோக்குவோம்.

மைனர் வண்டியை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். இவர் 1906 இல் ஸ்மேர்ணா நகரிற் பிறந்தவர். 1948 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் காட்சியில் வண்டி வெளிவந்தது. அதன் தோற்றத்தைக் கண்ட மொறிஸ் தொழிற்சாலையின் அதிபர் நபீல்ட் பிரபு, நீரில் உடைத்து அவித்த முட்டை போல இருக்கிறதென்று இகழ்ந்தார் என்பது பலரறிந்த கதை. வண்டி மிக ஒடுங்கியிருக்கிறதென்று கருதிய இசிகோனிஸ், மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாகப் பிளக்கச் செய்து நான்கு அங்குலம் அகற்றினார். மைனரின் மூடியில் நடுவே செல்லும் தட்டையான பட்டி அந்தப் பிளவின் அடையாளமே.

வண்டியின் உடலும் சில்லுகளும் திருப்புந் தன்மையும் புதியன; இயந்திரம் மட்டும் பழையது. எதிரெதிரே படுத்த நான்கு உருளைகள் கொண்ட புதுவகை இயந்திரமொன்றையே இசிகோனிஸ் விரும்பினார். செலவு கருதி அது நீக்கப்பட்டது. போருக்கு முன்னிருந்த மொறிஸ் எயிற் வண்டியின் 918 கன சதமமீற்றர் இயந்திரமே மைனருக்குக் கிடைத்தது. அதன் வலு இருபத்தேழரைப் பரிவலு. நல்ல ஓட்டக்காரனுக்குத் தந்தையின் பழஞ்சப்பாத்தை அணிவித்தது போலாயிற்று அது.

அந்த இயந்திரத்தின் குறை யாது? அது பக்கவால்வு இயந்திரம். உருளைகளுக்கு அருகே, கீழிருந்து மேல்நோக்கி வால்வுகள் நின்றன. மேலேயுள்ள தலை வெறும் மூடியேயன்றி வேறில்லை. பெற்றோலும் காற்றுங் கலந்த வாயு, பக்கத்தில் மேலேறி, வளைந்து, பின்னரே உருளைக்குட் புகவேண்டும்; எரிந்த புகையும் அவ்வழியே திரும்பவேண்டும். எரியும் இடம் தட்டையாகவும் அகலமாகவும் இருந்தமையால் வாயுவை நன்கு அமுக்க இயலாது. அமுக்கம் குறைந்தால் ஒரு கலன் பெற்றோலிற் பெறும் வேலையும் குறையும். ஆனால், பக்கவால்வு இயந்திரத்தை அறவே பழித்தல் முறையன்று. அதன் தலையை எளிதிற் கழற்றலாம், கரியைச் சுரண்டலாம், அன்றே மீண்டும் ஓட்டலாம். கிராமத்துக் கொல்லனுக்கும் விளங்கும் இயந்திரம் அது.

1952 இல் மொறிஸும் ஒஸ்ரினும் இணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் தோன்றியது. இரு தரப்பினர்க்கும் இடையே நெடுநாட் பகை இருந்தது. ஒஸ்ரினை நடத்திய லெனாட் லோர்ட், முன்னர் நபீல்ட் பிரபுவிடம் பணிபுரிந்து, மனம் மாறுபட்டு 1936 இல் வெளியேறியவர். இணைப்பின் பின் மேலோங்கியது லோர்ட்டின் கையே. ஒரே அளவான இரண்டு சிறு இயந்திரங்களை ஒரு நிறுவனம் செய்தல் வீண் செலவு என்பது தெளிவு. ஆகவே, 1951 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-30 வண்டியின் 803 கன சதமமீற்றர் இயந்திரம் மைனருக்குள் வந்தது. இசிகோனிஸும் அவ்வாண்டே நிறுவனத்தை விட்டு நீங்கினார்.

இவ்வியந்திரத்துக்கு ஏ வரிசை என்று பெயர். லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் உருவான இதில், வால்வுகள் மேலேயிருந்து கீழ்நோக்கித் தொங்கும். கீழேயுள்ள ஒரு தண்டு சுழலும்போது, நெடிய கோல்கள் மேலெழுந்து, தராசு போன்ற கைகளை அசைத்து, வால்வுகளைத் திறக்கும். வாயு நேரே எரியிடத்துக்குட் புகும். எரியிடத்தின் வடிவம் ஹரி வெஸ்லேக் என்னும் நிபுணர் வகுத்தது. அதனை மேலிருந்து நோக்கின் இதய வடிவமாகத் தோன்றும். உள்நோக்கி நீண்ட மேடு இரண்டு வால்வுகளுக்கும் இடையே நின்று, புகும் வாயுவைச் சுழலச் செய்யும். சுழலும் வாயு ஒழுங்காக எரியும்.

சிக்கனம் மற்றோரிடத்திலும் புலப்படும். நான்கு உருளைகளுக்கு நான்கு உள்வாயில்கள் வேண்டுமென நாம் எண்ணுவோம். இங்கோ இரண்டே. முதல் இரண்டு உருளைகளுக்கு ஒன்று, பின்னிரண்டுக்கு ஒன்று. புகை செல்ல மூன்று வாயில்கள். நடுவாயில் இரண்டாம் மூன்றாம் உருளைகளுக்குப் பொது. எரியும் முறை 1, 3, 4, 2 என அமைந்தமையால், ஒரே வாயிலை உடைய அயலவர் இருவரும் அடுத்தடுத்து மூச்சிழுப்பர். ஒருவர் மற்றவரின் பங்கைச் சிறிது கவர்வர். மிகுந்த வலுவை விரும்பினோர்க்கு இது பெருந்தடை. ஆனால், வார்ப்பு எளிது, விலை மலிவு. வாயில்கள் யாவும் ஒரு பக்கத்திலும், பிளக்குகளும் மின்சாதனங்களும் மறுபக்கத்திலும் இருப்பதைப் பழுதுபார்ப்போர் நன்றியுடன் நினைப்பர்.

மாற்றம் உடனே நன்மை தந்ததெனக் கூறவியலாது. 803 இன் வலு முப்பது பரிவலு. கொள்ளளவோ பழையதிலுங் குறைவு. மேடேறுவதற்காகப் பல்லிணைப்பைத் தாழ்த்தினர். அதனால் நெடுந்தெருவில் இயந்திரம் ஓயாது அலறியது. இணைதண்டுகளின் பெரிய முனையிலுள்ள தாங்கிகள் விரைவில் தேய்ந்தன. என் கருத்தில், 1952 இன் மாற்றம் மைனருக்காகச் செய்யப்பட்டதன்று, கணக்கேட்டுக்காகச் செய்யப்பட்டது. வண்டிக்கு உண்மையான மாற்று 1956 இலேயே கிடைத்தது. அவ்வாண்டு உருளைகளை அகற்றிக் கொள்ளளவை 948 ஆக உயர்த்தினர். இடம் போதாமையால், இரண்டிரண்டு உருளைகளை ஒட்டி வார்த்து, இடையே நீர் ஓடும் வழியையும் விலக்கினர். தாங்கிகளுக்கு ஈயமும் இந்தியமும் கலந்த வலிய பூச்சு வந்தது. வலு முப்பத்தேழு பரிவலுவாயிற்று. மைனர் 1000 எனப் பெயர்பெற்ற அவ்வண்டியே நம்மவர் போற்றும் வண்டி. 1962 இல் 1098 கன சதமமீற்றரும் நாற்பத்தெட்டுப் பரிவலுவும் உடைய இயந்திரம் தொடர்ந்தது.

இதே இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி, அதன் எண்ணெய்த் தொட்டிக்குள் கியர்ப் பெட்டியை வைத்து, 1959 இல் மினி வண்டியை வகுத்தவர், திரும்பி வந்த இசிகோனிஸ்தான் என்பது வியப்புக்குரியது. மைனரின் உற்பத்தி 1971 இல் முற்றாக நின்றது. ஏ வரிசை மட்டும் 2000 ஆம் ஆண்டுவரை நிலைத்தது.

நம் நாட்டில் இவ்வியந்திரத்தைச் சோதித்தது தொழிற்சாலை அன்று, காலம். 1990 களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் அரிதானபோது, மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்ல வேறு வழியில்லாத நாட்களில், அவை ஓடியமை சிறு செயலன்று. மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். உயர்ந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் முன்னதாகவே வெடித்து, சம்மட்டி அடிப்பது போன்ற ஒலி எழும். 948 இயந்திரம் 8.3 மடங்கு அமுக்கம் உடையதாகவும், 7.2 மடங்கு உடையதாகவும் இருவகையிற் செய்யப்பட்டது. இவற்றுள் தாழ்ந்த அமுக்கமுடையதே அந்நாட்களைப் பொறுக்கத் தக்கது. பழைய காலத்தின் தாழ்ந்த அமுக்கம், வடிவமைத்தோர் கனவிலுங் காணாத உதவியாயிற்று. எனினும், எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே கீழிறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் தாங்கிகளைக் காவாது. எண்ணெயை அடிக்கடி மாற்ற முடிந்தோரின் இயந்திரங்களே நெடுநாள் தாங்கும் நிலையில் இருந்தன.

இன்று மைனரின் தேய்ந்த இயந்திரத்தை மாற்ற எண்ணுவோர் சிலவற்றை நோக்கல் வேண்டும். யப்பானிய நிசான் இயந்திரத்தைப் பொருத்துவோரும் உளர். வலு மிகுமெனினும், தாங்குசட்டங்களைப் புதிதாக ஆக்க நேரும். குடும்ப வழக்கம் மாறாதிருக்க விரும்புவோர்க்கு ஏ வரிசையே போதும். 803 இருந்த இடத்தில் 948 ஐயோ 1098 ஐயோ அமர்த்துதல் பெரிதும் எளிது. எனினும், 803 இன் கியர்ப் பெட்டி பெரிய இயந்திரத்தின் விசைக்கென ஆக்கப்பட்டதன்று. இயந்திரத்துக்குரிய பெட்டியையும் உடன் பெறுதல் நன்று. வாங்குமுன் தலையைக் கழற்றி, நடுவிலுள்ள இரண்டு உருளைகளுக்கிடையே விரிசல் உண்டோ எனப் பார்த்தல் வேண்டும். பொதுப் புகைவாயிலின் வெப்பம் முழுதும் தங்குவது அங்கேதான். தொழிற்சாலையார் 1098 ஐ வைத்தபோது முன்சில்லுகளின் தடுப்பு உருளையை ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாக்கினர். விரைந்தோடும் வண்டி விரைந்து நிற்கவும் வேண்டுமென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பழைய மைனரில் அந்த இயந்திரத்தை வைப்போரும், தடுப்புகளை அவ்வளவினதாக மாற்றிய பின்னரே வண்டியைத் தெருவுக்கு எடுத்தல் வேண்டும்.