விதானை யாருடைய ஆள்?

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே உள்ளதைப் படுவான்கரை என்றும் வழங்குவது எங்கள் பகுதியின் பழைய மரபு. சூரியன் எழுகின்ற கரையிலே கடலும் தென்னந்தோப்புகளும் கடைத்தெருக்களும் அமைந்திருக்க, அவன் படுகின்ற கரையிலே நெல்வயல்கள் வட்டை வட்டையாக விரிந்து கிடக்கின்றன. அந்த வட்டைகளிலே, நிலவுடைமையால் கீர்த்தி பெற்ற போடியாருக்கும் சேற்றிலே இறங்கிப் பாடுபடுகின்ற முல்லைக்காரனுக்கும் நடுவே, வட்டவிதானை என்று ஒருவர் உண்டு. உன்னிச்சைக் குளத்திலிருந்தோ நவகிரிக் குளத்திலிருந்தோ வாய்க்கால் வழியாக வருகின்ற நீரை எந்த வயலுக்கு எந்த நாளில் எவ்வளவு நேரம் விடுவது, வாய்க்காலின் தலைப்பிலே இருப்பவன் அபகரித்துக்கொள்ளாமல் கடைசியிலே இருப்பவனுக்கும் அவன் பங்கு போய்ச் சேரும்படி எவ்வாறு பார்த்துக்கொள்வது என்பவற்றையெல்லாம் நிர்வகிப்பது அவருடைய கடமை. அவர் விதைப்பதுமில்லை, அறுப்பதுமில்லை. ஆயினும் அவர் இல்லாத வட்டையிலே விதைப்பும் அறுப்பும் ஒழுங்காக நடைபெறா.

கணினிக்குள்ளும் இப்படி ஒரு விதானை இருக்கிறார். சில்லு, நினைவகம், திரை, விசைப்பலகை என்று கையால் தொடக்கூடிய உறுப்புகள் ஒருபுறம். கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் கணக்கு வைக்கவும் நாம் திறக்கின்ற செயலிகள் மறுபுறம். ஒரே சமயத்திலே பத்துச் செயலிகள் இடங்கேட்டு நெருக்கும்போது, எதற்கு எவ்வளவு நினைவகம், எது முந்தி எது பிந்தி, எந்தச் செயலி எந்தக் கோப்பைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று கணந்தோறும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கின்ற அடிப்படை மென்பொருளைத் தமிழ்நாட்டார் இயங்குதளம் என்கிறார்கள். இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்து, முதலில் விஞ்ஞானம் கற்று, பின்பு தமிழ்ப் பேராசிரியராகி, 1930களிலே சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்று உழைத்த சுவாமி விபுலானந்தர் இன்றிருந்தால் இவ்விரண்டில் எதற்குச் சம்மதித்திருப்பாரோ, நான் அறியேன். சௌகரியத்தை முன்னிட்டு, இக்கட்டுரையிலே விதானை என்றே பெரும்பாலும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

விண்டோஸ் சிறந்ததா, அப்பிள் சிறந்ததா, லினக்ஸ் சிறந்ததா என்ற வாதம், உதைபந்தாட்டக் கழகங்களைப் பற்றிய வாதத்துக்குச் சற்றும் குறையாத உஷ்ணத்தோடு எங்கள் இளைஞர்களிடையே நடைபெறுவதைக் கேட்டிருக்கிறேன். வேகம், அழகு, விலை, விளையாட்டு வசதி ஆகியவையே அவர்களுடைய பிரமாணங்கள். அவை அற்பமான விஷயங்கள் என்று நான் தள்ளிவிடவில்லை. ஆனால் கணினிக் கடைகளிலே நாள்தோறும் நிகழ்கின்ற ஒரு சம்பாஷணையைக் கவனியுங்கள். "ஐயா, எந்த விண்டோஸ் போடுறது?" என்று கடைக்காரப் பையன் கேட்பான். "இருக்கிறதுல புதுசு எதுவோ, அதைப் போடு தம்பி" என்று பதில் வரும். விதானையை நியமிக்கின்ற காரியம் அவ்வளவிலே முடிந்துவிடுகிறது. வந்தவர் யாருடைய சொல்லைக் கேட்பவர், தண்ணீர்க் கணக்கை யாரிடம் ஒப்புவிப்பவர், பிடிக்கவில்லையென்றால் அவரை நீக்கும் அதிகாரம் நமக்கு உண்டா என்று கேட்கின்ற வழக்கம் நம்மிடம் இல்லை. வயலுக்கு ஒருவரை வைக்கும்போது இவ்வளவு அலட்சியமாக இருப்போமா?

அந்தக் கேள்விகளைக் கேட்காமையின் பலனை அண்மையிலே பலர் அநுபவித்தார்கள். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015 ஜூலையிலே வெளியிட்ட விண்டோஸ் 10 முறைமைக்கு, 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. கணினிகள் அன்றிரவே நின்றுபோய்விடவில்லை. ஆனால் அதன் பின்னர் கண்டுபிடிக்கப்படுகின்ற ஓட்டைகள் அடைபடமாட்டா. அடுத்ததாகிய விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமென்றால், அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், நிறுவனத்தின் பட்டியலிலே இடம்பெற்ற சில்லையும் கேட்கிறது. 2017ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கணினிகளிற் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பட்டியலிலே இடமில்லை. மேலும் ஓராண்டு திருத்தங்கள் வேண்டுவோர் 30 டொலர் கட்டலாம், அல்லது தமது கணினியின் அமைப்புகளை நிறுவனத்திலுள்ள கணக்கொன்றிலே சேமித்து வைத்தால் பணமின்றிப் பெறலாம் என்று அறிவித்த நிறுவனம், ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் அழுத்தத்தின் பின்னர், ஐரோப்பியப் பொருளாதார வலயத்து மக்களுக்கு மட்டும் அந்நிபந்தனையைத் தளர்த்தியது. 30 டொலர் என்பது அன்று நம் நாட்டு நாணயத்திலே ஏறத்தாழ 9,000 ரூபாய். மென்பொருள் ஒன்று, ஓட்டை ஒன்று. பாரிஸ் நகரத்தானுக்கு ஒரு நியாயம், செங்கலடியிலே இருப்பவனுக்கு வேறொரு நியாயம்.

நிறுவனத்தின் பக்கத்திலே நியாயமே இல்லை என்று சொல்வதும் தவறு. பத்து வருடம் ஒரு பொருளைப் பராமரிப்பது சிறிய காரியமன்று. பொறியியலாளருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். புதிய சில்லுகள் திருட்டைத் தடுப்பதிலே மேலானவை என்பதும் மெய்யே. எவரும் ஒரு வேலையை என்றென்றைக்கும் பார்க்கக் கடமைப்பட்டவரல்லர். ஆனால் போகின்ற விதானை மதகின் சாவியையும் மடியிலே கட்டிக்கொண்டு போனால், அடுத்தவர் வந்து என்ன செய்வார்? மூலநிரல் எனப்படுவது, மனிதர் எழுதி மனிதர் படிக்கக்கூடிய வடிவத்திலுள்ள மென்பொருளின் உடல். அது பூட்டப்பட்டிருக்கும் வரையில், கைவிடப்பட்ட கணினியைப் பராமரிக்க மனமும் திறமையும் உள்ளவன்கூட வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். பழைய ஐபோன்களை, பற்றரி தேய்ந்தபோது, உடையவர்களுக்குத் தெளிவாகச் சொல்லாமலே மெதுவாக்கியதாக அப்பிள் நிறுவனம் 2017 டிசெம்பரிலே ஒப்புக்கொண்டு, 2020இல் அமெரிக்க வழக்கொன்றை 50 கோடி டொலர் வரையில் கொடுத்துத் தீர்க்க உடன்பட்டதே, அதுவும் இந்தக் கதையின் இன்னொரு அத்தியாயந்தான்.

இதற்கு மாற்றாக எழுந்த தர்மம் ஓர் அச்சு இயந்திரத்திலிருந்து பிறந்தது என்பது வேடிக்கையான செய்தி. 1980ஐ ஒட்டிய காலத்திலே, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு செரொக்ஸ் நிறுவனம் கொடுத்திருந்த இயந்திரம் தாள் சிக்கி அடிக்கடி நின்றுவிட, அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டோல்மன், சிக்கியவுடன் காத்திருப்போருக்கு அறிவிக்கும்படி அதன் மென்பொருளைத் திருத்திவிட எண்ணினார்; மூலநிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரோ, யாருக்கும் காட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டோல்மனின் மனத்திலே முள்ளாகத் தைத்தது. 1983 செப்டெம்பரிலே அவர் குனூ என்ற முறைமையை எழுதப்போவதாக அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி நகரத்திலே லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்னும் கரு, அதாவது முறைமையின் மையப் பகுதி, அதனோடு சேர்ந்தபோது, முழு விதானை ஒருவர் உருவாகிவிட்டார். அவரை எந்த வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்து, வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம். பிரதி எடுத்து அயலவனுக்குக் கொடுக்கலாம். மாற்றிய பிரதியையும் கொடுக்கலாம்.

ஆங்கிலத்திலே விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்லாய் அமைந்துவிட்டதால், ஸ்டோல்மன் தம் ஆயுளிற் பாதியை இவ்விரண்டின் பேதத்தை விளக்குவதிலே செலவிட நேர்ந்தது. தமிழ் அவ்வளவு வறிய மொழியன்று; இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று நமக்குத் தெரியும், ஆகையாலே கட்டற்ற மென்பொருள் என்ற தொடர் நம்மவரிடையே எளிதாக வழக்குக்கு வந்தது. சொல் வந்தது, பொருள் வந்ததா என்பதிலே எனக்குச் சந்தேகம் உண்டு. களவாகப் பிரதி செய்த விண்டோஸ் தட்டுகள் ஓரிரு நூறு ரூபாய்க்குக் கடைகளிலே கிடைத்த காலத்திலே, 2003ஆம் ஆண்டின் புலமைச்சொத்துச் சட்டத்தையும் மீறி, அதையே சுதந்திரம் என்று நாம் எண்ணிக்கொண்டோம். களவெடுத்த பொருளும் பூட்டிய பொருளே. அதன் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. திருத்தங்கள் ஒழுங்காக வருவதில்லை. தட்டைத் தயாரித்தவன் உள்ளே என்ன விஷத்தை வைத்தான் என்பது தெய்வத்துக்கே வெளிச்சம். ஏழ்மையை நான் அறிவேன், அதற்காக ஒருவரையும் பழிக்கமாட்டேன். ஆனால் களவுப் பிரதி பெருகப் பெருக, சட்டப்படியே பிரதி செய்யத்தக்க லினக்ஸைத் தேடுவார் குறைந்தனர் என்பதைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. லினக்ஸிலும் குறைகள் உள. சில அச்சு இயந்திரங்கள் அதனோடு ஒத்துழைப்பதில்லை. கணக்காளர் பழகிய சில செயலிகள் அதிலே இயங்குவதில்லை. கொக்கட்டிச்சோலையிலே பழுதானால் திருத்துவதற்கு ஆள் கிடைப்பது அரிது.

இனி, இந்தத் தத்துவ விசாரணை எங்கள் மணலிலே வந்து கால் பதித்த சந்தர்ப்பத்தைச் சொல்ல வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். வாவியிலே மீன்கள் பாடுவதைக் கேட்பதற்குப் பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தடியில் தோணி நிறுத்துவார்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கின்ற ஊரிலே, அன்று காலை கடல் எழுந்து வந்து, தனக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நாவலடி மணற்றிடலைத் துடைத்துக்கொண்டு போயிற்று. நாடு முழுவதும் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. எஞ்சியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் ஒண்டிக்கொண்டு, பிரிந்துபோன பிள்ளை எந்த முகாமிலே இருக்கிறது, அல்லது இல்லவே இல்லையா என்று கேட்டு ஊர் ஊராய் அலைந்தார்கள். உதவிப் பொருளுக்குப் பஞ்சமில்லை. எங்கே எது வேண்டும் என்ற அறிவுக்குத்தான் பஞ்சம். ஒரு முகாமிலே உடைகள் குவிந்து கிடக்க, இன்னொன்றிலே குழந்தைப் பால்மாவுக்குத் தவித்தார்கள்.

அந்த நாட்களிலே, இலங்கையின் மென்பொருள் எழுத்தாளர்கள் சிலர் தொண்டர்களாகக் கூடி, உறங்காது உழைத்து, ஒரு மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எவ்விடத்தில் எது தேவை, எவரிடத்தில் எது இருக்கிறது என்பதைப் பொருத்திப் பார்க்கும் பதிவு ஆகியவை அதன் அங்கங்கள். சகன என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சிங்களத்திலே அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். வடமொழியிலே பொறுத்தல், சகித்தல் என்பது பொருள். ஒரே சொல் ஒருவன் பெறுவதையும் ஒருவன் தாங்குவதையும் குறிப்பது எவ்வளவு பொருத்தம் என்று நான் வியந்ததுண்டு. லங்கா மென்பொருள் மன்றத்தின் ஆதரவிலே வளர்ந்த அம்மென்பொருள் முழுவதும் கட்டற்ற கருவிகளாலே ஆனது. அதனாலே அனுமதிக் கடிதத்துக்கும் உரிமக் கட்டணத்துக்கும் காத்திராமல் வேலையைத் தொடங்க முடிந்தது. அதனாலேயே, 2005 ஒக்டோபரிலே பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோதும், 2006இல் பிலிப்பைன்ஸிலே மலை சரிந்தபோதும், 2010 ஜனவரியிலே ஹெயிட்டி நொறுங்கியபோதும் அது அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. சமூக நலனுக்கு உதவுகின்ற திட்டங்களுக்கென ஒரு விருதை ஏற்படுத்தும் எண்ணமே சகனவைக் கண்டபின் உதித்தது என்று ஸ்டோல்மன் கூறியிருக்கிறார். அவருடைய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய அவ்விருதைச் சகனவுக்கே வழங்கியது.

பெருமைப்பட வேண்டிய இவ்விடத்திலேயே ஓர் அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பட்டியல் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதைத்த காலம் ஒன்று கிழக்கிலே இருந்தது. யார் எந்த வீட்டிலே இருக்கிறார், யாருடைய மகன் ஊரிலே இல்லை என்ற விபரம், கொடுப்பவன் கையிலே அரிசியாகும், எடுப்பவன் கையிலே ஆயுதமாகும். மூலநிரல் திறந்திருப்பதாலே இந்த அபாயம் நீங்கிவிடாது; நிரல் திறந்திருக்க வேண்டும், பட்டியல் பூட்டியிருக்க வேண்டும். நம் நாட்டிலே தனியாள் தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பல பிரிவுகள் செயலுக்கு வருவது பின்தள்ளப்பட்டு வந்தது.

கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் விசித்திரமாகிறது. அண்ட்ரொயிட் தொலைபேசி எதுவாயினும் அதன் அடியிலே இயங்குவது டோர்வால்ட்ஸின் அந்த லினக்ஸ் கருவே. அவ்வாறாயின், வாவியிலே வலை போடுகின்ற மீனவனுடைய சட்டைப் பையிலும் சுதந்திர விதானை ஒருவர் குடியிருக்கிறார் என்று மகிழலாமா? விதானை நம்மவர்தாம், ஆனால் அவரைச் சுற்றிக் கூகுள் நிறுவனத்தின் சொந்தச் செயலிகளும் தொலைபேசி செய்தவனின் செயலிகளும் வேலியாக நிற்கின்றன, பல தொலைபேசிகளிலே அவற்றை அகற்ற உடையவனுக்கே அனுமதியில்லை. இடம் அறியும் வசதியை நிறுத்திவைத்த பின்னும் வேறொரு வழியாக இடத்தைப் பதிந்துவந்தது என்ற குற்றச்சாட்டின் பேரில், 2022 நவம்பரிலே அந்நிறுவனம் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடி டொலருக்கு மேல் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. விதானை நேர்மையானவராக இருந்தும், கணக்குப்பிள்ளை வேறொருவனுடைய ஆளாக இருந்தால், வயற்காரனுக்கு என்ன லாபம்?

ஒவ்வோராண்டும் பெரும்போகத்துக்கு முன்னர் எங்கள் பகுதியிலே ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. அதிகாரிகள் ஒருபுறமும் விவசாயிகள் ஒருபுறமுமாக அமர்ந்து, விதைப்புக்குக் கடைசித் திகதி எது, கால்நடைகளை எந்த நாளுக்குள் அப்புறப்படுத்துவது, வாய்க்காலை யார் துப்புரவாக்குவது என்று தீர்மானிக்கிறார்கள். குரல்கள் உயரும், பழைய பகைகள் தலை நீட்டும், எடுத்த முடிவு மழையாலே பொய்த்துப்போவதும் உண்டு. ஆயினும் அந்தத் திகதியைக் குறித்தது யார் என்று கேட்டால், கடைசி வயற்காரனும் "நாங்கதான்" என்று சொல்லுவான். 2025 ஒக்டோபர் 14 பெரும்போக விதைப்புக் காலத்திலேதான் வந்தது. அந்தத் திகதியைக் குறித்த கூட்டத்துக்கு எழுவான்கரையிலிருந்தோ படுவான்கரையிலிருந்தோ எவரும் அழைக்கப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.