பள்ளி விடுமுறையும் பலகாரத் தகரமும்



பள்ளி விடுமுறை பிறந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்கோ கவலை. அதிகாலையில் பிரட்டுக்குப் போய் நடுப்பகல் கழித்து வீடு திரும்பும் தாய் தந்தையர், "பிள்ளை வீட்டில் என்ன செய்கிறானோ" என்ற நினைப்போடுதான் மரம் சீவுகிறார்கள், குலை வெட்டுகிறார்கள். கேமரன் மலைக்கும் கடற்கரைக்கும் அழைத்துப் போக எல்லார் கையிலும் காசு இருப்பதில்லை. அதற்காக மனம் நோக வேண்டாம். வீட்டிலேயே கழிகிற விடுமுறையும் நல்ல விடுமுறைதான்.

அதிலும் செப்டம்பர் வாக்கில் வரும் தவணை விடுமுறைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தீபாவளி. 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டுவிட்டு, கடைசி வாரத்தில் பலகார வேலை முழுவதையும் தாயின் தலையில் சுமத்துவதே பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பகலெல்லாம் வெளிக்காட்டில் உழைத்தவள் நள்ளிரவுவரை அடுப்படியில் ஒண்டியாக நிற்கிறாள். விடுமுறையிலேயே பிள்ளைகளைப் பழக்கிவிட்டால் அந்தப் பாரம் பாதியாகும்.

முதலில் ஓய்வு

விடுமுறை என்பது இரண்டாவது பள்ளிக்கூடம் அல்ல. முதல் இரண்டு நாள் பிள்ளை விருப்பம்போல் உறங்கட்டும். கித்தாக் கொட்டை பொறுக்கிப் பல்லாங்குழி ஆடட்டும். திடலில் பந்து உதைக்கட்டும். மூன்றாம் நாள் "அம்மா, என்ன செய்யலாம்?" என்று தானே வந்து கேட்கும். அப்போது அடுப்படிக்கு அழையுங்கள். ஆண்பிள்ளையையும் சேர்த்தே அழையுங்கள். தின்பதற்கு அவன் முந்துகிறான் அல்லவா, உருட்டுவதற்கும் வரட்டும்.

பால் டின்னும் தராசும்

பாட்டி "அரைக் கட்டி சீனி" என்பார். அம்மா பால் டின்னால் அளப்பார். கடைப் பொட்டலத்திலோ கிராம் என்று அச்சிட்டிருக்கும். 1972ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டத்திற்குப் பிறகு நம் நாட்டில் மெட்ரிக் முறை வந்தாலும், பாட்டியின் கட்டி இன்னும் போகவில்லை. ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். அரைக் கட்டி எத்தனை கிராம், கால் கட்டி எத்தனை கிராம் என்று பிள்ளையைக் கேளுங்கள். கரும்பலகையில் பின்னக் கணக்கைப் பார்த்து விழிக்கும் பிள்ளை, பொருளைக் கையில் கொடுத்துக் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவதை வகுப்பில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

நெய் பிஸ்கட்

முதல் பாடத்திற்கு ஏற்றது நெய் பிஸ்கட். முட்டை வேண்டாம், எண்ணெய்ச் சட்டி வேண்டாம்.

கோதுமை மாவு 250 கிராம், பொடித்த சீனி 125 கிராம், நெய் 150 கிராம், சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மாவை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் ஈரம் போக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, சோடாவும் உப்பும் சேர்த்துச் சலியுங்கள். உருகாத நெய்யையும் சீனியையும் வெளுக்கும்வரை குழைத்து, மாவைச் சிறிது சிறிதாகப் போட்டுப் பிசையுங்கள்.

இப்போது பிள்ளைக்கு ஒரு கணக்கு. மாவும் சீனியும் நெய்யும் சேர்ந்தால் 525 கிராம். ஓர் உருண்டை 15 கிராம் என்றால் எத்தனை உருண்டை வரும்? முப்பத்தைந்து. உருட்டி முடித்தபின் எண்ணிப் பார்க்கட்டும். இரண்டு மூன்று குறைந்தால், எந்த உருண்டை பெருத்தது, எவ்வளவு மாவு வாய்க்குள் போனது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்!

தட்டில் இடைவெளிவிட்டு அடுக்கி, ஓவனில் 160 டிகிரி சூட்டில் இருபது நிமிடம்போல் வையுங்கள். மேற்புறம் வெள்ளையாகவும் அடிப்புறம் இளம்பொன் நிறமாகவும் இருந்தால் சரியான பதம். சூட்டில் தொட்டால் உதிரும், ஆறினால்தான் இறுகும். ஆகவே தட்டிலேயே ஆறவிடுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டுக்கு

ஓவன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மலாய் அண்டை வீட்டாரிடம் நாம் கற்றுக்கொண்ட பஹுலுவுக்குக் கனமான அச்சும் கரித்தணலும் போதும். கீழே தணல், அச்சின் மூடிமேலும் தணல். இரண்டு பக்கமும் சூடு கிடைப்பதால் அச்சே ஓவன் ஆகிவிடுகிறது.

இதன் அளவு ஆறு வயதுப் பிள்ளைக்கும் மறக்காது: ஒரே கிண்ணத்தால் முட்டை ஒன்று, சீனி ஒன்று, மாவு ஒன்று. முட்டையையும் சீனியையும் வெளுத்துப் பொங்கி, கரண்டியைத் தூக்கினால் நாடாபோல் விழும்வரை அடிக்க வேண்டும். உள்ளே புகுந்த காற்றுதான் பஹுலுவை உப்ப வைக்கிறது. ஆகவே வறுத்துச் சலித்த மாவை மெதுவாகக் கலக்க வேண்டும். மறுபடி அடித்தால் காற்று போய்க் கல்லாகிவிடும். அச்சைச் சூடாக்கி, நெய் தடவி, முக்கால் குழி ஊற்றி மூடுங்கள். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து மாவு ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது.

நெருப்பு விஷயம்

இதை மட்டும் தயவுசெய்து இருமுறை படியுங்கள். பெரியவர் வீட்டில் இல்லாத வேளையில் பிள்ளைகள் அடுப்பு மூட்டவே கூடாது. சலிப்பதும் அளப்பதும் உருட்டுவதும் பிள்ளைகள் வேலை. தட்டை வைப்பதும் எடுப்பதும் பெரியவர் வேலை. கரித்தணலைக் கதவடைத்த அறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சுக்காற்றுக்கு வாசனை கிடையாது. ஆனால் உயிரைக் குடிக்கும். யாருக்காவது சூடுபட்டால் பற்பசை, கிச்சாப், நெய் எதையும் தடவ வேண்டாம். உடனே குழாயடியில் காட்டி, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்திருங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

மழையும் சம்பளமும்

முன்கூட்டியே தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்டோபர், நவம்பரில் மழை அடிக்கடி பெய்யும். மரப்பட்டை நனைந்தால் சீவ முடியாது. பால் கோட்டில் இறங்காமல் பட்டையில் பரவி வீணாகும். செம்பனைக் காட்டிலும் சேற்றில் குலை சுமப்பது பெரும்பாடு. செலவு கூடுகிற மாதத்தில்தான் வேலை நாள் குறைகிறது. அப்போது கடையில் பற்று எழுதத் தொடங்கினால், அது தைப்பொங்கல் வரையிலும் விடாது. கூட்டுப் போட்டுச் சமாளிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். கூட்டு நடத்துவதைச் சட்டம் 1971ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது.

ஆகவே செப்டம்பர் சம்பளத்தில் சீனியும் நெய்யும் வாங்கி வையுங்கள். மாவு வண்டு பிடிக்கும். அதை அடுத்த சம்பளத்தில் வாங்கலாம். முட்டை கடைசி வாரத்தில் போதும். எதை எப்போது, என்ன விலைக்கு வாங்கினோம் என்று பழைய நோட்டுப் புத்தகத்தில் பிள்ளையே எழுதி வரட்டும்.

விடுமுறையில் சுடுவது பழகுவதற்கும் தின்பதற்கும். பண்டிகைக்கு உரியதைப் பிறகு சுடுங்கள். முறுக்கையும் நெய் பிஸ்கட்டையும் இரண்டு வாரம் முன்னதாகச் செய்யலாம். பஹுலு மெத்தென்று இருக்க வேண்டுமானால் இரண்டு நாள் முன்புதான் செய்ய வேண்டும். எதையும் முழுக்க ஆறவிட்டே தகரத்தில் போடுங்கள். மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம். மூடி தளர்ந்த தகரத்தில் முறுக்கு ஒரே நாளில் நமத்துப்போகும்.

பெற்றோர்களே! தீபாவளியன்று விருந்தினர்முன் தட்டை நீட்டும்போது, "இது என் மகன் உருட்டியது, இது என் மகள் அளந்தது" என்று அவர்கள் காதுபடச் சொல்லுங்கள். மறு ஆண்டு நீங்கள் கூப்பிடாமலே அடுப்படிக்கு வருவார்கள். வரும் விடுமுறையில் ஒரே ஒரு தட்டு நெய் பிஸ்கட்டோடு தொடங்கிப் பாருங்களேன்.